ரைட் கிளிக்கில் முடியும் வேலைக்கு ஒரு மணித்தியாலமா?
வீடியோக் கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் கலியாண வீடியோ எடுத்துக் கொடுக்கும் சிறு ஸ்டூடியோக்களில் இரண்டு வகை வேலைகள் நடக்கின்றன. முதலாவது, கைத்திறன் வேலை. படம் பிடிப்பது, வெட்டுவது, வரிசைப்படுத்துவது போன்றவை அதில் அடங்கும். மற்றையது வெறும் எடுபிடி வேலை. முடிந்த வீடியோவை வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியில் ஓடும்படி மாற்ற வேண்டும், வட்ஸ்அப்பில் போகும் அளவுக்குச் சுருக்க வேண்டும், தொலைக்காட்சியில் பென் டிரைவைச் செருகினால் படம் வரும்படி செய்து கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் பணம் தருவது முதலாவது வேலைக்கு. இரண்டாவதை அவர் இலவசமாகவே எதிர்பார்க்கின்றார். "அதையும் ஒருக்கா போட்டுத் தாங்க" என்ற ஒரு வார்த்தையோடு விடயம் முடிந்துவிடும்.

இதற்குப் போகும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் நாளொன்றுக்கு 15 கோப்புகள் மாற்றப்படுவதாக வைத்துக் கொள்வோம். மென்பொருளைத் திறந்து, கோப்பைத் தேடியெடுத்து, அளவைத் தெரிவுசெய்து, புதிய பெயர் கொடுத்துத் தொடக்கி வைக்க, கோப்பொன்றுக்கு 4 நிமிடம் போதும் என்று குறைவாகவே மதிப்பிடுவோம். அப்படியென்றாலும் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் போகின்றது. மாதத்தில் 25 வேலை நாட்கள் எனில் 25 மணித்தியாலம். அதாவது ஓர் ஊழியரின் மூன்று நாள் சம்பளம், விலைப்பட்டியலில் எங்குமே இல்லாத ஒரு வேலைக்குப் போகின்றது. அவசரத்தில் அளவை மாற்றித் தெரிவுசெய்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

இந்த 4 நிமிடத்தைச் சில செக்கன்களாகக் குறைக்க வழியுண்டு. கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தும்போது விரியும் பட்டியலில், "வட்ஸ்அப் அளவு", "டிவிக்கு" என்று நமது கடையின் சொந்த வரிகளைச் சேர்த்துவிடலாம். கோப்புகளைத் தெரிவுசெய்து அந்த வரியை அழுத்திவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கலாம். மிகுதியைக் கணினி பார்த்துக் கொள்ளும். இதற்கு எந்த மென்பொருளையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. இலவசம் என்றதும் எமது வியாபாரிகளுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே அது எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது.

எல்லோருடைய கணினியிலும் இருப்பதுதான்

எப்.எப்.எம்பெக் என்பது ஒரு வீடியோ மாற்றும் மென்பொருள். பிரான்ஸைச் சேர்ந்த பப்ரிஸ் பெல்லார் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதனைத் தொடக்கினார். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் பழைய கசெட் பிளேயரில் இருந்த 'பாஸ்ட் போர்வேட்' பொத்தானைக் குறிப்பவை. பின்னர் பல நாடுகளைச் சேர்ந்த நிரலாளர்கள் சேர்ந்து அதனை வளர்த்தெடுத்தார்கள். நமது கடைகளில் எந்த வீடியோவையும் திறக்கப் பயன்படும் விஎல்சி பிளேயரின் உள்ளே இருப்பதும் இதன் பாகங்கள்தான். கூகுள் குரோம் உலாவியிலும் ஹேண்ட்பிரேக் மென்பொருளிலும் அவை உண்டு. பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியே வந்திருக்கின்றார்கள்.

இதனை எழுதியவர்கள் எவரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடுதான் வெளியிட்டிருக்கின்றார்கள். கடையில் வைத்துத் தொழில் செய்யவும் தடையில்லை. இது சிறிய விடயமல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருட்களுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. உடைத்த மென்பொருளைப் போட்டு வியாபாரம் செய்வது அந்தச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். காசு கொடுத்து வாங்குவோம் என்றால், பிரபலமான எடிட்டிங் மென்பொருட்கள் பல இன்று மாதச் சந்தாவில்தான் கிடைக்கின்றன. அதுவும் டொலரில். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதமளவில் 350 ரூபாவைத் தாண்டியபோது அந்தச் சந்தாவின் கதி என்னவானது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்கு ஞாபகமிருக்கும்.

எப்.எப்.எம்பெக்கில் ஒரேயொரு சங்கடம் உண்டு. அதற்குப் பொத்தான்களோ அழகான திரையோ கிடையாது. கறுப்புச் சாளரத்தில் கட்டளையாக எழுத வேண்டும். உள்ளே வரும் கோப்பு எது, படத்தை எந்த முறையில் சுருக்குவது, ஒலியை என்ன செய்வது, வெளியே வரும் கோப்பின் பெயர் என்ன என்பவற்றை ஒரே வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடையில் நிற்கும் பொடியன் ஒவ்வொரு தடவையும் அதை எழுதிக் கொண்டிருக்க முடியாது. ஸ்கிரிப்ட் உதவுவது இங்குதான். அந்தக் கட்டளையை நோட்பேடில் ஒரே தடவை எழுதிச் சேமித்து வைத்தால் அதுவே ஸ்கிரிப்ட். கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைத்தால், ரைட் கிளிக் செய்த கோப்பின் பெயரை விண்டோஸே அங்கே இட்டுவிடும்.

பட்டியலில் சேர்ப்பது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. இலகுவானது 'சென்ட் டூ' என்ற பகுதி. விண்டோஸ் 95 காலத்திலிருந்தே ரைட் கிளிக் பட்டியலில் அது இருக்கின்றது. விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் 'ஷெல்' என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் 'சென்ட்டூ' என்று எழுதி என்டரை அழுத்தினால் ஒரு கோப்புறை திறக்கும். நமது ஸ்கிரிப்டின் 'ஷோர்ட்கட்' ஒன்றை அதற்குள் போட்டுவிட்டால் போதும். அடுத்த தடவை ரைட் கிளிக் செய்து சென்ட் டூவுக்குப் போனால் நமது வரி அங்கே நிற்கும். விண்டோஸ் 11 பாவிப்பவர்கள் மட்டும் ஒரு படி கூடுதலாகப் போக வேண்டும். 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளிவந்த அப்பதிப்பில் பழைய பட்டியலை 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' என்ற வரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்கள். கோப்பைத் தெரிவுசெய்து ஷிப்ட் பொத்தானையும் எப் 10 பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பழைய பட்டியல் நேரடியாகவே வரும்.

மற்றைய வழி, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதுவது. அவ்வாறு செய்தால் வரி முதல் பட்டியலிலேயே வருவதால் பார்க்க அழகாக இருக்கும். ஆயினும் சிறு கடைகளுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். 12 கோப்புகளைத் தெரிவுசெய்து அழுத்தினால், பொதுவாக இந்த முறையில் 12 சாளரங்கள் ஒரே நேரத்தில் திறந்து 12 வேலைகளும் ஒன்றாக ஓடத் தொடங்கும். சாதாரண கணினி அதோடு திணறி நின்றுவிடும். 15 கோப்புகளுக்கு மேல் தெரிவுசெய்தால் அந்த வரியே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். சென்ட் டூ முறையில் எல்லாக் கோப்புகளின் பெயர்களும் ஒரே ஸ்கிரிப்டுக்குப் போகின்றன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முடிக்கும்படி ஸ்கிரிப்டை எழுதிவிடலாம். அந்தப் பெயர்களின் மொத்த நீளத்துக்கு ஓர் எல்லை இருப்பதால் நூறு கோப்புகளை ஒரே தடவையில் தள்ளாமல் இருபது இருபதாகக் கொடுப்பது நல்லது.

கணினிப் பாடம் படித்த உயர்தர மாணவர் ஒருவராலேயே இந்த ஸ்கிரிப்டை எழுதிக் கொடுக்க முடியும். ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதைக் கடைக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும்.

எதையெல்லாம் வரியாக்கலாம்?

முதலில் செய்ய வேண்டியது 'பெட்டி மாற்றும்' வரி. இத்துறையில் பலர் கவனிக்காத விடயம் ஒன்றுண்டு. வீடியோக் கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, எம்.டி.எஸ். போன்றவை வெறும் பெட்டிகளின் பெயர்களே. படம் அதன் உள்ளே இருக்கின்றது. 2006ஆம் ஆண்டில் சோனி, பனசொனிக் நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய ஏ.வி.சி.எச்.டி. முறையில் பதிவாகும் கெமராக்கள் எம்.டி.எஸ். கோப்புகளைத் தருகின்றன. கைத்தொலைபேசிகள் பல அவற்றைத் திறப்பதில்லை. உடனே கடைக்காரர் அவற்றை முழுமையாக மாற்றத் தொடங்குவார். அதற்கு நீண்ட நேரமாகும், தரமும் சற்றுக் குறையும். உண்மையில் அதன் உள்ளே இருக்கும் படம் கைத்தொலைபேசிகளுக்கு நன்கு பழக்கமான எச்.264 முறையிலேயே இருக்கின்றது. தேயிலையை ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்குக் கொட்டுவதைப் போன்று, படத்தைத் தொடாமல் அப்படியே எம்.பி.4 பெட்டிக்கு மாற்றி, ஒலியை மட்டும் ஏ.ஏ.சி. முறைக்குக் கொண்டுவந்தால் போதும். ஒரு மணித்தியால வீடியோவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படத்தின் தரம் இம்மியளவும் குறையாது. வேறெந்த வரியும் வேண்டாம் என்பவர்கள்கூட இந்த ஒன்றைச் செய்து வைத்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, முற்பார்வைப் பிரதி. வேலை முடிந்து வீடியோவை அனுப்பிய பிறகு மிகுதிப் பணத்துக்காக அலைவது இத்தொழிலின் பழைய நோய். அளவைச் சிறிதாக்கி, கடையின் பெயரைப் படத்தின் நடுவே மங்கலாகப் பதித்து ஒரு பிரதியை எடுக்கும் வரியொன்றைச் செய்து வைக்கலாம். வாடிக்கையாளர் அதைப் பார்த்துத் திருத்தங்களைச் சொல்வார். முழுத் தரமான பிரதியைப் பணம் வந்த பிறகு கொடுக்கலாம். கேட்டு வாங்குவதற்கு வெட்கப்படும் சுபாவமுள்ளவர்களுக்கு இது பெரிய உதவி.

எமது சமூகத்து வாடிக்கையாளர்கள் சிலர் பின்னணி இசை வேண்டாம் என்று கேட்பதுண்டு. ஒலியை முழுமையாக நீக்கும் வரியை மிக இலகுவாக எழுதலாம். படத்தைத் தொடாததால் அதுவும் சில செக்கன்களில் முடியும். ஆனால் அதோடு நிக்காஹ் குத்பாவும் துஆவும் சேர்ந்து போய்விடும் என்பதைக் கவனத்திற் கொள்ள வேண்டும். இசையை மட்டும் பிரித்தெடுப்பது வேறு வேலை, அதற்கு ஸ்கிரிப்ட் போதாது. எடிட்டிங் செய்யும்போதே இசையைத் தனித்தடத்தில் வைத்துக் கொண்டால், இசையில்லாத பிரதியையும் அங்கிருந்தே எடுத்துவிடலாம்.

ஐபோனில் எடுத்த வீடியோக்களும் கடைக்கு வருகின்றன. 2017ஆம் ஆண்டிலிருந்து ஐபோன்கள் எச்.265 என்ற புதிய முறையில் பதிவு செய்கின்றன. பழைய கணினிகளும் தொலைக்காட்சிகளும் அதைத் திறக்கத் தடுமாறும். அதை எச்.264க்கு மாற்றும் வரியொன்று தேவைப்படும். வட்ஸ்அப்பைப் பொறுத்தவரையில், 2022ஆம் ஆண்டிலிருந்து 2 ஜீ.பீ. வரையான கோப்பை ஆவணமாக அனுப்ப முடிகின்றது. ஆயினும் வாடிக்கையாளரின் டேட்டாவை நினைத்துச் சிறிய பிரதியை அனுப்புவதே முறை.

பழைய கசெட் கொண்டு வருபவர்கள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்த கலியாணங்களின் வி.எச்.எஸ். கசெட்டுகள் இன்னும் பல வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. கொழும்பின் கடற்காற்றும் ஈரமும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். கசெட்டை ஓட்டும் கருவியும் அரிதாகிவிட்டது. கடைசிவரை அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இந்தக் கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது இன்னும் சில காலத்துக்கு வருமானம் தரக்கூடிய வேலை. இதிலும் ஸ்கிரிப்ட் உதவும். ஆனால் ஒரு விடயத்தில் அவதானம் தேவை. இலங்கையில் பதிவான கசெட்டுகள் பொதுவாகச் செக்கனுக்கு 25 படங்கள் கொண்ட 'பால்' முறையில் இருக்கும். ரொறன்ரோவிலிருந்து உறவினர்கள் கொண்டு வருபவை ஏறத்தாழ 30 படங்கள் கொண்ட 'என்.டி.எஸ்.சி.' முறையில் இருக்கும். எல்லாவற்றையும் 25க்கு மாற்று என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்தால் கனடாக் கலியாணத்தில் மணமகள் திக்கித் திக்கி நடப்பார். இரண்டுக்கும் தனித்தனி வரிகள் வைக்க வேண்டும்.

கசெட் வீடியோவைக் கணினியில் பார்க்கும்போது அசைவின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படம் இரண்டு பாதிகளாகப் பதிவானதே அதற்குக் காரணம். அதைச் சீராக்கும் வசதி எப்.எப்.எம்பெக்கிலேயே உண்டு. ஸ்கிரிப்ட் எழுதுபவரிடம் அதையும் சேர்க்கச் சொல்லலாம்.

கைவைக்கக் கூடாத இடம்

ஒரே அழுத்தில் இருபது கோப்புகளை மாற்ற முடியுமென்றால், ஒரே அழுத்தில் இருபது கோப்புகளைக் கெடுக்கவும் முடியும். கலியாணம் மறுபடி நடக்காது. ஸ்கிரிப்ட் மூலக் கோப்பை அழிக்கவோ அதன் மேல் எழுதவோ கூடாது. எப்.எப்.எம்பெக்குக்கு 'கேட்காமல் மேலெழுது' என்றும் 'ஒருபோதும் மேலெழுதாதே' என்றும் இரண்டு கட்டளைகள் உண்டு. இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஸ்கிரிப்டுகள் பலவற்றில் முதலாவது இருக்கும், ஏனெனில் எழுதியவருக்கு அது வசதி. கடைக்கு இரண்டாவதே வேண்டும். மாற்றிய கோப்புகள் தனிக் கோப்புறையொன்றில் போய் விழட்டும்.

மின்தடையும் நமது நாட்டில் கணக்கிலெடுக்க வேண்டிய ஒன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளானதற்குப் பாணந்துறை உப மின்நிலையத்தில் பாய்ந்த குரங்கொன்றே காரணம் என்று அமைச்சரே சொன்னார். மாற்றம் நடந்து கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதியில் நின்ற எம்.பி.4 கோப்பு சாதாரணமாகத் திறக்காது. ஆனால் பார்வைக்கு முழுக் கோப்பைப் போலவே கோப்புறையில் கிடக்கும். அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடிப்பார். எனவே வேலை நடக்கும்போது தற்காலிகப் பெயரிலும், வெற்றிகரமாக முடிந்த பின்னரே சரியான பெயரிலும் கோப்பு இருக்கும்படி ஸ்கிரிப்டை எழுதச் சொல்ல வேண்டும்.

கலியாண வீடியோக்காரர்களுக்கென்றே ஒரு வினோதமான பொறியும் உண்டு. மணமக்களின் பெயர்களுக்கிடையே '&' குறி இட்டுக் கோப்புக்குப் பெயர் வைப்பது பலரது வழக்கம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் அந்தக் குறி, ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகின்றது என்பதற்கான அடையாளமாகும். பெயரில் இடைவெளியில்லாமல் அக்குறி வந்தால் ஸ்கிரிப்ட் மணமகனோடு நின்றுவிடும், மணமகளைத் தனிக் கட்டளையாக எடுத்துக் கொள்ளும். சிறு கோடு ஒன்றைப் போட்டுப் பெயர் வைப்பது பாதுகாப்பு. ஸ்கிரிப்டுக்குள் தமிழில் எழுதுவதையும் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

யாருடைய வீட்டுப் படம்?

நேரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் விடயம் வேறு. அவசரத்துக்கு இணையத்தில் உள்ள இலவச மாற்றுத் தளங்களில் வாடிக்கையாளரின் வீடியோவை ஏற்றி மாற்றி எடுக்கும் பழக்கம் கடைகளில் இருக்கின்றது. பெண்கள் பகுதியில் பெண் ஒளிப்பதிவாளரைக் கொண்டே படமெடுக்க வேண்டும், அதை வேறு எவரும் பார்க்கக் கூடாது என்று நிபந்தனையிட்டுத்தான் எத்தனையோ குடும்பங்கள் வேலையை ஒப்படைக்கின்றன. அதே வீடியோ எந்த நாட்டிலோ உள்ள, யாருடையது என்று தெரியாத கணினிக்கு ஏற்றப்படுவதை அவர்கள் அறிந்தால் அந்தக் கடையின் வாசலை மறுபடி மிதிக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கின்றது. சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், இது அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருள். எப்.எப்.எம்பெக் வேலை செய்வது கடையிலுள்ள கணினியில் மட்டுமே. இணைய இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டும் அது ஓடும். "உங்கள் வீடியோ எங்கள் கடையை விட்டு வெளியே போகாது" என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கடைக்கு, வெள்ளவத்தை போன்ற போட்டி நிறைந்த இடத்தில் அதற்கென்றே வாடிக்கையாளர்கள் வருவார்கள்.

எப்.எப்.எம்பெக்கைப் பெறும்போதும் இதே அவதானம் வேண்டும். தேடினால் அதன் பெயரில் பல தளங்கள் வரும். அத்திட்டத்தின் சொந்த இணையத்தளத்துக்குச் சென்று, விண்டோஸுக்கென அங்கே காட்டப்பட்டுள்ள இணைப்புகளின் ஊடாக மட்டுமே பெற்றுக்கொள்ளுங்கள். யாரோ எழுதிய ஸ்கிரிப்டைப் பார்க்காமல் ஓடவிடவும் வேண்டாம். அது நோட்பேடில் திறந்து வாசிக்கக்கூடிய சில வரிகள்தான்.

தொடங்குபவர்கள் முதலில் ஒரேயொரு வரியோடு தொடங்கலாம். பழைய கோப்புகள் ஐந்தின் பிரதிகளை எடுத்துச் சோதித்து, ஒரு கைத்தொலைபேசியிலும் ஒரு தொலைக்காட்சியிலும் முழுமையாக ஓட்டிப் பாருங்கள். படத்துக்கும் ஒலிக்கும் இடையே வித்தியாசம் வருகின்றதா என்று கடைசி நிமிடங்களிலும் கவனியுங்கள். சரியென்று கண்ட பிறகு கடைப் பாவனைக்குக் கொண்டுவரலாம். எழுதிக் கொடுப்பவரிடம் ஒவ்வொரு வரியும் என்ன செய்கின்றது என்பதைத் தாளில் தமிழில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். ஸ்கிரிப்டுகளையும் எப்.எப்.எம்பெக் கோப்புறையையும் பென் டிரைவ் ஒன்றில் கொப்பி பண்ணி மேசை லாச்சியில் போட்டு வையுங்கள். கணினியை போர்மட் செய்ய நேர்ந்தால் அந்தப் பட்டியல் வரிகளும் அழிந்துவிடும். எழுதிக் கொடுத்த பொடியன் அப்போது கட்டாரில் இருக்கக்கூடும்.